புற்றும் காளானும் ஒளியும்
(தோலின் நிணநீர்ப் புற்றுநோயும் ஒளி மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு)

நோய்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் மருத்துவர்களே ஆயினும், அவர்கள் கையாண்ட கருவி கவிஞர்களுடையது. கட்டியைச் சுற்றிப் புடைத்துப் பரவிய நாளங்களைக் கண்ட கிரேக்க மருத்துவர்கள் அதனை நண்டு என்றனர். முகத்தைக் கடித்துக் குதறியதுபோல் அரித்த தோல்நோயை இலத்தீன் மொழியில் ஓநாய் என்று அழைத்தனர். உள்ளுக்குள் அரித்து மேலெழும் கட்டியைக் கண்ட நம்மவர் அதற்குப் புற்று என்று பெயரிட்டனர். கறையான் எழுப்பிய மண்மேட்டை அறிந்த மக்களுக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அந்தப் புற்றின்மேல் காளான் முளைப்பதையும் நம் உழவர் பெருமக்கள் நன்கு அறிவர்.

தமிழ் அறியாத பாரிசு நகரத்து மருத்துவர் ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நோயாளியின் தோலில் எழுந்த கட்டிகளைக் கண்டு காளான் என்றே பெயர் வைத்தார். அது காளான் நோயன்று. புற்றுநோய் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆனால் பெயர் மட்டும் இன்றளவும் மாறவில்லை. அந்நோயின் வரலாற்றையும், அதனைத் தணிக்க மனிதன் ஒளியைக் கையில் எடுத்த வரலாற்றையும் இணைத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். உவமையையும் ஒளியையும் நாள்தோறும் கையாளும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு, அவ்விரண்டும் உயிர் காக்கும் களத்தில் எவ்வாறு பயன்பட்டன, எங்கே பிழைத்தன என்பதை அறிவது பயனுடையதாகும்.

பெயர் பிறந்த இடம்

பாரிசு நகரின் செயிண்ட் லூயி மருத்துவமனை, கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளை ஊருக்குப் புறத்தே வைத்துக் காப்பதற்காக 1607-ஆம் ஆண்டு நான்காம் ஹென்றி மன்னனின் ஆணையால் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தோல்நோய்களுக்கான பெருநிலையமாக மாறிற்று. அங்குப் பணியேற்ற ழான் லூயி அலிபேர், பின்னாளில் பதினெட்டாம் லூயி மன்னனின் மருத்துவராகவும் விளங்கியவர். இலக்கியச் சுவை மிக்க அவர் மரநிழலில் நின்று மாணவர்க்குப் பாடம் நடத்துவார். நோயாளிகளையே அங்கு வரவழைத்து அவர்தம் தோலையே சுவடியாக விரித்துக் காட்டுவார். தோல்நோய்களையெல்லாம் கிளை பிரிந்த ஒரு மரமாக வரைந்து 1829-இல் அவர் வெளியிட்ட படம் மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது.

1806-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட தோல்நோய் விளக்க நூலில் ஒரு நோயாளியின் வரலாறு இடம்பெற்றது. முதலில் தோலில் செதில் உதிரும் படைகள், பின்னர்ப் பெருங்கட்டிகள். தலை விரித்த காளான்களைப் போன்று அக்கட்டிகள் அவர் கண்ணுக்குத் தோன்றின. 1832-இல் அந்நோய்க்கு ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ்’ என்னும் பெயரை அவர் உறுதி செய்தார். அப்பெயரின் முற்பகுதி கிரேக்கம்; பிற்பகுதி இலத்தீன்; இரண்டுமே காளானைத்தான் குறிக்கின்றன. காளானைப் போன்ற காளான் நோய்! கூறியது கூறல் என்னும் குற்றம் ஒருபுறம் இருக்க, வடிவத்தைக் குறிக்க வந்த உவமை காரணத்தைக் கூறும் பெயர்போல் நின்றுவிட்டது. இன்றும் இப்பெயரைக் கேட்கும் நோயாளி, பூஞ்சைக்குரிய களிம்பைத் தடவினால் தீர்ந்துவிடும் என்று எண்ணக்கூடும்.

அதே மருத்துவமனையில் பின்னர்ப் பணியாற்றிய எர்னஸ்ட் பசேன், 1870-ஆம் ஆண்டளவில் இந்நோயின் மூன்று படிநிலைகளை வகுத்துரைத்தார். முதலில் தட்டையான திட்டு, அடுத்துத் தடித்த படை, இறுதியில் கட்டி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆகலாம். பலரிடம் நோய் முதற்படியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. முதற்படியில் அது கரப்பானையும் படையையும் ஒத்திருப்பதால், நோயாளியும் மருத்துவரும் பல்லாண்டு வேறு பெயர்களால் அதனை அழைத்துக்கொண்டிருப்பர். அலிபேர் கண்ட காளான்கள் அந்நோயின் கடைசி அத்தியாயமே.

1938-இல் ஆல்பர்ட் செசாரி என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம்முடன் பணியாற்றிய பூவ்ரேனுடன் சேர்ந்து மற்றொரு வடிவத்தை விவரித்தார். அந்நோயாளியின் உடல் முழுவதும் தோல் சிவந்து செதிலாக உதிர்ந்தது. தாங்கொணா அரிப்பு இருந்தது. தோலிலும் குருதியிலும் ஒரே வகையான விந்தை அணுக்களைக் கண்ட செசாரி, அவற்றை அரக்க அணுக்கள் என்னும் பொருள்படக் குறித்தார். தோலில் உள்ளதே குருதியிலும் ஓடுகிறது என்பது அப்போது பெருஞ்செய்தியாகும். 1968-இல் அமெரிக்காவின் மார்வின் லட்ஸ்னர் முதலியோர் மின்னணு நுண்ணோக்கியில் அவ்வணுக்களைக் கண்டபோது, அவற்றின் உட்கரு மூளையின் மடிப்புகளைப்போல் சுருண்டிருந்தது. இங்கும் ஓர் உவமை பிறந்தது. அவற்றை ‘மூளையுருக் கருவணுக்கள்’ என்று இன்றும் மருத்துவ நூல்கள் குறிக்கின்றன.

உண்மை விளங்கியது 1970-களில்தான். குருதியின் வெள்ளணுக்களுள் நோய் எதிர்ப்புக்குப் பொறுப்பான ‘டி’ நிணவணுக்கள் என ஒரு வகை உண்டு. தோலைக் காவல் செய்யும் அவ்வணுக்களுள் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகுவதே மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ், செசாரி நோய் ஆகிய இரண்டிற்கும் அடிப்படை என்று காணப்பட்டது. 1975-இல் லட்ஸ்னர், ரிச்சர்ட் எடல்சன் முதலியோர் ‘தோலின் டி-அணு நிணநீர்ப் புற்று’ என்னும் பொதுப்பெயரை முன்வைத்தனர். நண்டும் இல்லை, ஓநாயும் இல்லை, காளானும் இல்லை. காவலுக்கு வைத்தவனே கன்னம் வைத்தான் என்பதே இந்நோயின் உண்மைக் கதை. அந்தக் கதையைச் சொல்ல முன்வந்த பெயரில் உவமை ஏதும் இல்லை என்பதும் கருதத்தக்கது.

வடதிசையில் ஒளி தேடியவர்

இனி ஒளியின் வரலாற்றுக்கு வருவோம். நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன் 1860-ஆம் ஆண்டு, வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் பிறந்தார். ஐஸ்லாந்தில் பள்ளிக் கல்வி பெற்றுக் கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்றார். ஆண்டின் ஒரு பகுதி பகலே அரிதாகும் நாடுகள் அவை. இளமையிலேயே உள்ளுறுப்புகளைத் தளர்த்தும் கொடிய நோய்க்கு ஆளான ஃபின்சன், வடக்கு நோக்கிய இருண்ட அறையில் வாழ்ந்தார். வெயில் பட்டால் தம் உடல் தேறுவதாக அவர் உணர்ந்தார். நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து வெயிலிலேயே கிடந்த பூனை ஒன்றை அவர் கவனித்து வந்தார் என்றும் சொல்லப்படுகிறது. வெயில் உடலுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. வெயிலின் எந்தப் பகுதி, எந்த அளவில், எதனைச் செய்கிறது என்று கேட்டார். ஒளி மருத்துவம் அறிவியலானது அக்கேள்வியால்தான்.

ஓநாய் என்று பெயர் பெற்ற தோற்காசநோய் அக்காலத்து ஐரோப்பாவில் முகங்களைச் சிதைத்துக்கொண்டிருந்தது. மூக்கும் உதடும் அரிக்கப்பட்டோர் வெளியில் தலைகாட்ட அஞ்சி வாழ்ந்தனர். 1895-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்துப் பொறியாளர் ஒருவரின் முகத்திலிருந்த அந்நோய்க்கு, கார்பன் வில்விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சி ஃபின்சன் மருத்துவம் செய்தார். பல ஆண்டுகளாக எந்த மருத்துவத்திற்கும் அசையாத புண் ஆறத் தொடங்கிற்று. 1896-இல் அவர் பெயரால் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. நீர் நிரப்பிய வில்லைகள் வெப்பத்தைத் தடுக்க, செவிலியர் பக்கத்தில் அமர்ந்து படிகக் கண்ணாடியைத் தோலின்மேல் அழுத்திக் குருதியை விலக்கி, ஒளி ஆழமாகப் பாய வழி செய்தனர். டென்மார்க்கில் பிறந்த இளவரசி அலெக்சாண்டிராவின் முயற்சியால் 1900-இல் அந்த விளக்கு இலண்டனுக்கும் சென்றது.

1903-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபின்சனுக்கு வழங்கப்பட்டது. நாற்காலியை விட்டு எழ இயலாத நிலையில் இருந்த அவர், அடுத்த ஆண்டு செப்டம்பரில், நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். பரிசுப் பணத்தின் ஒரு பகுதியைத் தம் நிலையத்துக்கே அளித்திருந்தார்.

இவ்வெற்றிக்குக் காரணம், புற ஊதாக் கதிர் காசநோய்க் கிருமியை நேரே கொன்றதே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நூறாண்டுக்குப் பின் டென்மார்க்கு ஆய்வாளர்கள் ஃபின்சனின் பழைய வில்லைகளை எடுத்துச் சோதித்தபோது, கிருமியைக் கொல்லவல்ல குறுகிய அலைகளை அவை தடுத்துவிடுகின்றன என்று கண்டனர். 2005-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு இது: கிருமிக்குள்ளேயே இருந்த போர்ஃபிரின் என்னும் நிறமிப் பொருள் ஒளியை வாங்கி, உயிர்வளியைக் கூர்மையான நஞ்சாக மாற்றியிருத்தல் வேண்டும். ஃபின்சன் செய்தது சரி. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கமே வேறு. ஒளி தனியே வேலை செய்யவில்லை. அதற்கு ஒரு துணை இருந்தது.

மியூனிக்கில் ஒளிக்குக் கிடைத்த துணை

அந்தத் துணையை முதலில் கண்டவர் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர். செருமனியின் மியூனிக் நகரில், பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வகத்தில், அக்ரிடின் என்னும் சாயத்தைக் கலந்த நீரில் பாரமீசியம் என்ற ஓரணு உயிர்கள் எவ்வளவு நேரத்தில் இறக்கின்றன என்று அவர் அளந்துகொண்டிருந்தார். சாயத்தின் அளவு ஒன்றே. ஆயினும் ஒரு நாள் விரைவில் இறந்தவை மற்றொரு நாள் நெடுநேரம் பிழைத்திருந்தன. அந்த மற்றொரு நாளில் வானம் இருண்டு இடியும் மழையுமாக இருந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. மாறியது சாயமன்று, ஒளியே என்று ராப் உணர்ந்தார். தனியே சாயம் கொல்லவில்லை. தனியே ஒளியும் கொல்லவில்லை. இரண்டும் கூடியபோதே உயிர்கள் மடிந்தன. 1900-இல் இம்முடிவு வெளியாயிற்று.

1903-இல் டாப்பைனரும் யெசியோனெக்கும் ஈயோசின் என்னும் செந்நிறச் சாயத்தைத் தோற்கட்டிகளில் தடவி ஒளியில் காட்டினர். இதற்கு உயிர்வளியும் தேவை என்று டாப்பைனரும் யோடில்பவரும் தொடர்ந்து நிறுவினர். சாயம், ஒளி, உயிர்வளி ஆகிய மூன்றும் கூடும் இச்செயலுக்கு ‘ஒளியியக்கச் செயல்’ என்னும் பொருள்படும் பெயரை டாப்பைனர் வழங்கினார்.

இத்துறையின் வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 14. ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்னும் செருமானிய மருத்துவர், குருதியிலிருந்து பெறப்படும் ஹீமட்டோபோர்ஃபிரின் என்னும் பொருளை 200 மில்லிகிராம் அளவில் தம் நாளத்திலேயே செலுத்திக்கொண்டார். இருட்டில் இருந்தவரை தீங்கில்லை. வெயிலில் நின்றதும் முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. மாதக்கணக்கில் அவருக்கு வெயில் பகையாயிற்று. வீங்கிய அம்முகத்தின் படம் இன்றும் நூல்களில் காணப்படுகிறது. பிறர் உடலில் சோதிக்கும் முன் தம் உடலைத் தந்த அத்துணிவை எண்ணிப் பார்த்தல் தகும்.

பல பத்தாண்டுகள் உறங்கிய இக்கருத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் டோஹர்ட்டி. 1978-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், 25 நோயாளிகளின் தோலிலும் தோலடியிலும் இருந்த 113 கட்டிகளுக்கு ஹீமட்டோபோர்ஃபிரின் வழிப்பொருளும் செவ்வொளியும் கொண்டு மருத்துவம் செய்யப்பட்டது. அவற்றுள் 98 முற்றிலும் மறைந்தன. 13 ஓரளவு சுருங்கின. 2 மட்டுமே அசையவில்லை. அந்நோயாளிகளிடையே மார்பகப் புற்று முதலியவற்றோடு மைக்கோசிஸ் ஃபங்காய்டஸும் இருந்தது. 1993-இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்காகவும், 1995-இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்காகவும் இம்முறைக்குரிய மருந்து ஏற்பிசைவு பெற்றது.

நைல் கரைச் செடியும் நம் நாட்டு விதையும்

மியூனிக்கில் சாயத்தையும் ஒளியையும் கூட்டிய கதை நூறாண்டுப் பழமையுடையது. செடியையும் வெயிலையும் கூட்டிய கதையோ அதனினும் மிகப் பழையது. எகிப்தில் நைல் ஆற்றங்கரையில் அம்மி மேஜஸ் என்றொரு செடி வளர்கிறது. (நம் வீட்டு அம்மிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அதன் விதையை உட்கொண்டு வெயிலில் நின்றால் தோலின் வெண்புள்ளிகள் நிறம் பெறும் என்பதை, 1248-இல் டமாஸ்கசில் மறைந்த இப்னு அல்-பைத்தார் என்னும் மருந்தியல் பேரறிஞர் தம் நூலில் பதிந்திருக்கிறார். வட ஆப்பிரிக்கப் பழங்குடி ஒன்று இம்முறையை அறிந்திருந்ததாக அவர் குறிக்கிறார்.

நம் நாட்டில் அதே தொழிலைச் செய்தது கார்போகரிசி. அரிசி என்று பெயர் பெற்றாலும் அது கருமை படர்ந்த ஒரு விதை. நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைப்பது. குளியல் பொடியில் பூலாங்கிழங்கோடும் கிச்சிலிக்கிழங்கோடும் சேர்த்து அரைக்கப்படுவது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் தோல்நோய்களுக்கு, சிறப்பாக வெண்புள்ளிக்கு, நெடுங்காலமாக வழங்கப்படுவது. 1933-இல் இந்திய வேதியியல் கழகத்தின் இதழில் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் ஆகிய மூவர் இவ்விதையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அதில் பிரித்தறியப்பட்ட பொருளுக்கு, விதையின் தாவரவியற் பெயரான சொரேலியா என்பதைத் தழுவிச் சொராலன் என்று பெயராயிற்று. உலகெங்கும் மருத்துவ நூல்களில் வழங்கும் அச்சொல்லுக்குள் நம் பாட்டிமார் அரைத்த விதையின் பெயரே ஒளிந்திருக்கிறது.

1947-ஆம் ஆண்டளவில் எகிப்தின் ஃபாமி, அபு-ஷாடி ஆகியோர் அம்மிச் செடியிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தாக்சலேன் என்னும் பொருளைப் பிரித்தனர். கெய்ரோவின் எல் மொஃப்தி அதனை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து வெயிலில் நிறுத்தினார். பாலைவனத்து மருந்து குப்பியில் அடைக்கப்பட்டது. எஞ்சியது வெயிலை அளப்பதே.

அதனை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் செய்தனர். ஜான் பேரிஷ், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், இந்தியாவிலிருந்து சென்ற மது பாதக் ஆகியோர், காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோய்க்கு இம்முறையைக் கையாண்டு 1974-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளி மெத்தாக்சலேனை விழுங்குகிறார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, குழல் விளக்குகள் சூழ்ந்த கூண்டில் நிற்கிறார். வெயிலைப்போல் மேகத்துக்கும் பருவத்துக்கும் மாறாத, எண்ணி அளக்கத்தக்க நெடும்புற ஊதா ஒளி அவர்மேல் விழுகிறது. சொராலன், புற ஊதாவின் ‘ஏ’ பகுதி ஆகிய இரண்டின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி இம்முறையைப் ‘பூவா’ என்றனர். நம் செவிக்கு அது பூவை நினைவூட்டுவது தற்செயலே.

1976-இல் பார்பரா கில்கிரெஸ்ட்டும் உடன் பணியாற்றியோரும் மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ் நோயாளிகள் ஒன்பது பேருக்குப் பூவா முறையை அளித்த வரலாறு வெளிவந்தது. இந்நோய்க்கு ஒளி ஏன் பொருந்துகிறது என்பதை எளிதில் விளக்கலாம். புற்றணுக்கள் முதற்படியில் உடலின் ஆழத்தில் இல்லை. தோலின் மேலடுக்கிலும் அதன் அடியிலும் குடியிருக்கின்றன. ஒளி எட்டக்கூடிய ஆழம் அது. சொராலன் அணுவின் உட்கருவுக்குள் புகுந்து, மரபுப் பொருளின் இரட்டை இழைகளுக்கிடையே காத்து நிற்கிறது. ஒளி பட்டவுடன் அவ்விரு இழைகளையும் பூட்டுப் போட்டதுபோல் பிணைத்துவிடுகிறது. பிரிய முடியாத இழைகளால் அணு பெருக முடிவதில்லை, மடிகிறது.

இதற்கு முன்னரும் வழிகள் இல்லாமல் இல்லை. ரான்ட்ஜனின் எக்ஸ் கதிர் 1902-லேயே இந்நோய்க்குப் பயன்பட்டது. 1950-களில் தோல் முழுவதற்கும் மின்னணுக் கற்றை பாய்ச்சும் முறை வந்தது. போரில் நச்சுப்புகையாகப் பிறந்த கடுகுப் பொருளின் வழிவந்த மருந்து 1959-இல் தோலில் பூசப்பட்டது. எனினும், விழுங்கியபின் சில மணி நேரமே விழித்திருந்து பின் அடங்கும் மருந்தும், விசையைத் திருகினால் அணையும் விளக்குமாகிய பூவா முறை, மருத்துவர் கையில் அளவை ஒப்படைத்தது.

குருதிக்குள் பாய்ந்த ஒளி

செசாரி நோயிலோ பகைவன் குருதியிலும் திரிகிறான். தோலின்மேல் விழும் ஒளி குருதிக்குள் எட்டாது. அவ்வாறாயின் குருதியை வெளியே கொண்டுவந்து ஒளியில் காட்டினால் என்ன என்று கேட்டவர், யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடல்சன். நோய்க்கு 1975-இல் புதுப்பெயர் தந்தோருள் ஒருவரே இவர். நோயாளி மெத்தாக்சலேனை விழுங்கியபின் அவர் குருதி எடுக்கப்படும். வெள்ளணுக்கள் பிரிக்கப்பட்டு மெல்லிய படலமாகப் புற ஊதா ஒளியின்கீழ் ஓடும். பின்னர் உடலுக்கே திருப்பிச் செலுத்தப்படும்.

1987-இல் வெளியான அவர்தம் ஆய்வில், பிற மருத்துவத்திற்கு இணங்காத 37 பேருள் 27 பேரிடம் நோய் தணிந்தது. 1988-இல் அமெரிக்க அரசின் ஏற்பிசைவும் கிடைத்தது. இதில் வியப்பு யாதெனில், ஒவ்வொரு முறையும் ஒளி படுவது உடலிலுள்ள புற்றணுக்களுள் சிறு பங்கின்மேல் மட்டுமே; விளைவோ அதனினும் பெரிது. ஒளிபட்டு மடியும் அணுக்கள் உடலுக்குத் திரும்பும்போது, அவற்றின் அடையாளத்தை எதிர்ப்பாற்றல் கற்றுக்கொள்கிறது என்று ஆய்வாளர் விளக்குகின்றனர். வழிதவறிய காவலனை இனங்காணப் பிற காவலர் பயில்கின்றனர் எனலாம். இம்முறை பின்னர் மாற்று உறுப்பை உடல் வெறுத்தொதுக்கும் நிலைகளுக்கும் பயன்பட்டது.

ஒளியின் மறுபக்கம்

ஒளி என்றாலே நன்மை, இருள் என்றாலே தீமை என்பது நம் கவிதை மரபில் ஊறிய வழக்கு. மருத்துவ வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பூவா முறை பரவத் தொடங்கியபோதே, அமெரிக்காவின் 16 நிலையங்களில் அதனைப் பெற்ற சொரியாசிஸ் நோயாளிகள் 1,380 பேரைத் தொடர்ந்து கண்காணிக்கும் பணி தொடங்கிற்று. அவர்களிடையே தோற்புற்று மிகுதியாகக் காணப்படுவதை ராபர்ட் ஸ்டெர்னும் உடன் பணியாற்றியோரும் 1979-லேயே எடுத்துரைத்தனர். 1997-இல், நெடுங்காலம் பலமுறை இம்மருத்துவம் பெற்றோரிடம் மெலனோமா என்னும் கொடிய புற்றும் கூடுவதை அறிவித்தனர். ஒரு புற்றைத் தணிக்கும் ஒளி மற்றொரு புற்றுக்கு விதையிடவும் கூடும். மரபிழையைப் பூட்டும் அதே செயல்தான் நலமுள்ள அணுவின் மரபிழையிலும் பிழை எழுதுகிறது.

இவ்வறிதல் ஒளியைக் கைவிடச் செய்யவில்லை, அளவறியச் செய்தது. வாழ்நாளில் எத்தனை முறை, எவ்வளவு ஒளி என்று கணக்கெழுதும் வழக்கம் வந்தது. மாத்திரையே தேவையில்லாத, 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறுகலைப் புற ஊதா ஒளி 1990-களின் இறுதியிலிருந்து தொடக்கநிலை நோய்க்குப் பயன்படத் தொடங்கிற்று. தடித்த படைகளுக்கு ஆழம் செல்லும் பூவா. மெல்லிய திட்டுகளுக்குக் குறுகலை ஒளி என்னும் பாகுபாடும் ஏற்பட்டது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பயன்படுத்தும் முயற்சியும் உண்டு. ஐரோப்பியப் புல்வெளிகளில் மஞ்சட்பூப் பூக்கும் ஹைப்பெரிக்கம் என்னும் செடியைத் தின்ற ஆடுகள் வெயிலில் வெந்துபோவதை அங்குள்ள ஆயர்கள் அறிவர். அச்செடியிலுள்ள ஹைப்பெரிசின் என்னும் பொருளைச் செயற்கையாக ஆக்கிக் களிம்பாகத் தடவி ஒளி காட்டும் சோதனை ஒன்று அமெரிக்காவில் 169 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியாயிற்று. முதற்சுற்றில் மருந்து பெற்றோருள் 16 விழுக்காட்டினரிடமும், வெறுங்களிம்பு பெற்றோருள் 4 விழுக்காட்டினரிடமும் நோய் தணிந்தது. சுற்றுகள் கூடக் கூடப் பயனும் கூடிற்று. இம்மருந்து மரபிழையைத் தாக்குவதில்லை என்பதே அதன்மீது வைக்கப்பட்ட நம்பிக்கைக்குக் காரணம். ஒளியைச் சாராத புதிய மருந்துகளும் வந்துள்ளன. புற்றணுவின் மேற்பரப்பை இனங்கண்டு பற்றும் மொகாமுலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் 2018-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

நம் தோலில் எழுதப்படும் பெயர்

பாரிசின் நூல்கள் இந்நோயைச் சிவந்த திட்டு என்றே வருணித்தன. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை அவை. கருநிறத் தோலில், சிறப்பாக இளையோரிடம், இது வெளிறிய திட்டாகத் தோன்றுவதுண்டு. அப்போது அதற்கு நம்மிடையே எத்தனை பெயர்கள்! தேமல் என்பர்; வெண்புள்ளி என்பர்; தொழுநோயோ என்று அஞ்சி மறைப்போரும் உளர். வெளிறிய திட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை இந்தப் புற்று அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஆறாமல், வெயில் படாத இடுப்பிலும் தொடையிலும் பரவும் திட்டின் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் காண்பதே மெய்ப்பெயரை அறியும் வழி. அவ்வாறு தொடக்கத்தில் அறியப்பட்டோருள் பெரும்பாலோர் ஒளி மருத்துவத்தால் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர். நோய் முற்றும் தீர்ந்தது என்று எளிதில் சொல்ல இயலாது. திரும்பும், மீண்டும் தணிக்கப்படும். ஆயினும் அவர்தம் வாழ்நாள் நீள்கிறது.

பழம்பெருமை பேசுவோர்க்கும் இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. கார்போகரிசியின் ஆற்றலை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது பெருமையே. ஆனால் அதனைத் தாமே அரைத்துத் தடவி நண்பகல் வெயிலில் நிற்போர் கொப்புளங்களோடு திரும்புவர். விதை முன்னோர் தந்தது. அளவு பின்னோர் கண்டது. இரண்டும் சேர்ந்ததே மருத்துவம்.

அலிபேரின் உவமையை நாம் இகழ வேண்டியதில்லை. பெயரற்றுக் கிடந்த ஒரு துன்பத்தை மறக்க முடியாத படமாக்கித் தந்தவர் அவர். அப்படம் இல்லையேல் பசேனும் செசாரியும் எதனைத் தேடியிருப்பர்? பிழை உவமையில் இல்லை. கண்ணால் கண்டதோடு கேள்வி முடிந்தது என்று கொள்வதில்தான் உள்ளது. நல்ல உவமை ஒரு பொருளைக் காட்டிய பின்னும் அதனை மேலும் பார்க்கத் தூண்டும். ராப் ஒரு நாளின் இருட்டைப் பார்த்தார். ஃபின்சன் வெயிலில் நகர்ந்த பூனையைப் பார்த்தார். எகிப்தியர் வெயிலில் நிறம் மாறிய தோலைப் பார்த்தனர். யாவரும் கண்டது எல்லோர் கண்ணெதிரும் இருந்ததையே. கண்டதற்குப் பெயர் வைத்துவிட்டு மறுபடியும் பார்க்கச் சென்றவர்களே நோயாளிக்கு வழி திறந்தனர். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்களும் தம் சொற்களை அவ்வாறே மீண்டும் சென்று பார்ப்பார்களாக.